சின்ன ஜமீனின் கால்

மரக்காணம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம், "அந்தச் சின்ன ஜமீனுக்குக் கல்யாணம் கிடையாது, சொல்லிட்டேன்" என்றாள். போனில் தொடர்கதை எழுதுகிறாளாம். விக்டோரியா ராணி காலத்துக் காதல் கதை.

"அந்த உப்பளத்துப் பொண்ணு அவன் மேல உசிரையே வெச்சிருக்காளேடி!"

"வெச்சிருக்கா. ஆனா வெள்ளைக்காரனுக்கு உளவு பாக்க வந்தவன்னு கண்டுபுடிச்சிட்டா. உப்பளத்துல கூலியாளா வேஷம் போட்டவன் காலுக்கு வேஷம் போட மறந்துட்டான். உப்புத்தண்ணில நிக்கிற காலு வெடிப்பே இல்லாம இருக்குமா?"

"படிக்கிறவங்க எல்லாம் சேத்து வைங்கன்னு கேக்கறாங்க."

"கேக்கட்டும். மொதல்ல அவன் நம்மளாட்டம் உப்புப் பாத்தி மிதிக்கட்டும். காலு வெடிச்சதும் கல்யாணம் கட்டி வைக்கிறேன்."

"அதுவரைக்கும் அவ காத்துக்கிட்டே இருக்கணுமா?"

"அவ எதுக்குக் காத்திருக்கணும்? பக்கத்துப் பாத்தியில அவளுக்கு வேலை இருக்குது."