அக்காவுக்கு ஒரு பரீட்சை

தாம்பரத்தில் திருநீர்மலை பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் இருந்த முப்பது வயதுக்காரர் பக்கத்தில் இருந்த தன் அக்காவிடம் சொன்னார்: "இந்த வாட்டியாவது வாய மூடிகினு வா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவோ சிரித்தார்.

"பயமா இருக்குடா எனக்கு."

"நாலு மாசம் மனநல வார்டுல இருந்தது நானு. பேஜார் உனக்கா? டிஸ்சார்ஜ் பண்றப்ப டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"நீயே பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, நம்ம ஸ்டாப்புல இறங்கணும். நான் கூட வரலாம். சொல்லித் தரக் கூடாது."

"அப்புறம்?"

"பேசல, பேசல."

கண்டக்டர் வந்தார். அக்காவின் கை தானாகக் கைப்பைக்குள் போனது. தம்பி பார்த்த பார்வையில் வெளியே வந்துவிட்டது.

"அக்காவுக்கு லேடீஸ் ஃப்ரீ. எனக்கு ஒரு திருநீர்மலை," என்று அவரே வாங்கினார்.

மலைக்கோயில் தெரிந்தது. அவர் அசையவில்லை. அக்கா சீட்டின் நுனிக்கு நகர்ந்தார்.

"டேய், ஸ்டாப் வந்துடுச்சு, எழுந்திருடா!"

"பஸ் நிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்," என்றார் அவர், நிதானமாக. "போச்சு. மறுபடியும் ஃபெயில்."

நானும் அங்கேதான் இறங்கினேன். அவர் அக்காவின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து, எதிர்ப்புற ஸ்டாப்பில் நிறுத்தினார்.

"வா, தாம்பரம் போய் முதல்லருந்து வரலாம்."

"மூணு வாட்டி ஆயிடுச்சுடா. நாளைக்குப் பாத்துக்கலாமே."

"நீ பாஸாகாம வூட்டுக்குக் கூட்டினு போமாட்டேன்."