இசக்கியப்பன் சொன்ன ‘பைய’

விரால் மீனுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது சார். பளபளவென்று எது ஓடினாலும் துரத்திக்கொண்டு வரும். கயாக் படகை நிறுத்தாமல் செலுத்தி, பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போனால் போதும். முள்ளோடு கட்டிய தகரத் துண்டைக் குட்டி மீன் என்று நம்பிக் கவ்விவிடும்.

அந்த மஞ்சள் கயாக், எங்கள் கம்பெனியின் வெளிநாட்டு இன்ஜினியர் ஊர் திரும்பும்போது எனக்குக் கொடுத்தது. இரண்டு பேர் உட்காரலாம். ஞாயிறுதோறும் பிள்ளைப்பாக்கம் ஏரியில் முன்னால் நான் துடுப்புப் போடுவேன். பின்னால் இசக்கியப்பன் தூண்டில் நரம்பை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருப்பான். அப்படிச் சுற்றாதே என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

நான் தண்டலத்துக்காரன். அவன் திருநெல்வேலிப் பக்கம். மூன்று வருடமாக என் வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். ஒரே லைனில் இரண்டு பேரும் கான்ட்ராக்ட். இந்த 2012இல் ஒருவரை மட்டும் பெர்மனன்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் சூப்பர்வைசர் நாகப்பனோடு தனியாகப் பேச ஆரம்பித்தான். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும்.

“அவராண்ட இன்னா பேசிக்கினு இருந்த?” என்று கேட்டேன்.

“சும்மாதாம்டே,” என்றான்.

சூப்பர்வைசரோடு யாராவது சும்மா பேசுவார்களா? எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் கேன்டீனில் தன் முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தான். அப்போதுதான் சந்தேகம் உறுதியானது.

அவனுக்கு நீச்சல் தெரியாது. இருந்த ஒரே மிதவைச் சட்டையை அவன்தான் போட்டுக்கொள்வான். போன ஞாயிறு அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னதும் நம்பினான்.

ஏரி நடுவில், தண்ணீருக்குள் இருந்த கருவேல மரத்தில் தூண்டில் சிக்கியது. “பைய போடே, நரம்பு மாட்டிட்டு,” என்றான்.

பையைக் கேட்கிறான் என்று நினைத்துக் குனிந்தேன், கயாக் சாய்ந்துவிட்டது என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். ஏட்டையாவும் அப்படியே எழுதிக்கொண்டார். இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதை நம்புவார்கள். நேற்று ஆஸ்பத்திரியில், உடலை வாங்க வந்த அவன் தங்கை மரகதம் படியில் தடுமாறினாள். “பைய எறங்குமா,” என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணன் மாதிரியே பேசுதிய,” என்று அழுதாள். ஏட்டையா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பைய என்றால் மெதுவாக. மூன்று வருடமாக எனக்குத் தெரியும். நான் துடுப்பை வேகமாகப் போட்டேன். நரம்பு கையை இழுக்க, ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தான். தணிகாசலம் என்று என் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டான். கரைக்கு வந்து, கயாக்கைக் கவிழ்த்துவிட்டு, தலையை நனைத்துக்கொண்டு, பிறகு கத்தினேன்.

இன்று காலை நாகப்பன் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து ஒன்று சொன்னார். “தணிகாசலத்துக்கே குடுங்க சார், நான் ஊருக்குப் போயிருதேன்” என்றுதான் அவன் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தானாம். எனக்குத் தெரிந்தால் சங்கடப்படுவேன் என்றானாம்.

இருக்கலாம். ஆனால் கூடவே இருக்கிறவனிடம் மறைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனும் உயிரோடு இருந்திருப்பான், எனக்கும் வேலை நிரந்தரமாகியிருக்கும். இரண்டையும் கெடுத்தது அவன்தான் சார்.