அன்று திரையில் இல்லாத வரி

படுத்தவுடன் தூங்கிவிடுகிற ஆள் நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதைச் சொன்னால் என்னைப் பற்றி ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். எனக்குக் களைப்பு பகலில்தான். உட்கார்ந்த இடத்திலேயே களைத்துப்போகிற வேலை எங்களுடையது.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிட்டால் மற்றது சுலபம். மருத்துவமனையில் நடப்பதையெல்லாம் நாங்கள் கம்ப்யூட்டரில் நிகழ்வுகளாகச் சேமித்து வைக்கிறோம். இன்னார் சேர்ந்தார், காய்ச்சல் இறங்கியது, இந்த மாத்திரை கொடுக்கப்பட்டது, இந்த மருந்து தனக்கு ஆகாது என்று சொன்னார். எல்லாம் நடந்த வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக. சேமித்தது சேமித்ததுதான். யாரும் திருத்த முடியாது, அழிக்க முடியாது. சதுரங்க ஆட்டத்தில் காய் நகர்த்தியதை வரிசையாகக் குறித்து வைப்பார்களே, அதுபோல. குறிப்பு இருந்தால் பலகையை எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடுக்கிக்கொள்ளலாம். வார்டில் நர்ஸ் பார்க்கிற திரைதான் அந்தப் பலகை. நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் படித்து அந்தத் திரையை அடுக்குகிற நிரலுக்கு 'வாசிப்பான்' என்று பெயர் வைத்திருந்தோம். அதை எழுதியவன் நான். அதற்குச் சளி பிடித்தாலும் மூக்கைத் துடைத்துவிட வேண்டியவனும் நான்தான்.

வேலையை வாங்கிக் கொடுத்தது அண்ணி. அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ். அம்மா போன பிறகு, அண்ணன் கப்பலில் இருந்த வருடங்களில், என் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டதும் அவர்தான். "எங்க வீட்டுத் தம்பி, கம்ப்யூட்டர்ல புலி" என்று நிர்வாக அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் கூச்சப்பட்டபோது, "பூனைன்னு சொன்னா எவன் வேலை குடுப்பான்?" என்றார்.

எங்கள் தலைமைப் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே நாலு பேர் நின்று அவரை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் வெளிநோயாளிகள் கவுன்டரில் தங்கள் மென்பொருளை மாற்றினார்கள். 'மருந்து ஆகாது' என்ற நிகழ்வு மட்டும் அன்றிலிருந்து புது வடிவத்தில் வரத் தொடங்கியது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வாசிப்பானுக்கு அந்த வடிவம் புரியவில்லை, நின்றுவிட்டது. ஒன்று புரியாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் காத்திருக்கும். எல்லா வார்டுகளிலும் திரைகள் உறைந்தன. போன் அடித்தது, எடுத்தால் இன்னொரு போன் அடித்தது. தலைமைப் பொறியாளர் 'அப்புறம்' என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இப்போதைக்கு அதைத் தாண்டிப் போக வைப்பா. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

வைத்தேன். புரியாத நிகழ்வை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் படி என்று எழுதுவது பெரிய காரியமில்லை. திரைகள் ஓட ஆரம்பித்தன. யாரோ எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்த மூலையில் ஒவ்வொன்று விழும்போதும் என் கைப்பேசி ஒலிக்கும்படி செய்திருந்தேன். நல்ல பழக்கம்தானே. ஆனால் அது சாப்பிடும்போதும் ஒலித்தது, குளிக்கும்போதும் ஒலித்தது. அப்புறத்திடம் போய்ச் சொன்னேன். வாசிப்பானைத் திருத்தி, முதல் நிகழ்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். எங்களிடம் இருந்த இயந்திரத்தில் அதற்குப் பாதி நாளாகும். அதுவரை வார்டுகளில் திரை இருக்காது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒலியை நிறுத்தினேன். களைத்துப்போன எந்த மனிதனும் செய்கிற காரியம்தான்.

தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மா முழங்கால் அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்தார். அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது என்று மகள் கவுன்டரில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் சரியாகவே பதிந்தார்கள். நிகழ்வு சேமிக்கப்பட்டது. சேமிப்பில் ஒரு குறையும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து அந்த அம்மா அரை மயக்கத்தில் இருந்தபோது டாக்டர் ஊசி எழுதினார். அண்ணி விதிப்படி திரையைப் பார்த்தார். மேலே 'மருந்து ஆகாது' என்ற சிவப்பு வரி இருந்தால் கை நின்றிருக்கும். இல்லை. அப்படியும் குனிந்து, "ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா தண்ணீர் கேட்டார். அண்ணி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டு ஊசி போட்டார். டாக்டர் மாடியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணி முதலில் போன் செய்தது எனக்குத்தான்.

"தம்பி, ஸ்கிரீன்ல எதுவுமே இல்ல தம்பி. நல்லாப் பாத்தேன். அந்தப் பொண்ணு கவுன்டர்ல சொன்னேன்னு கத்தறா. உன் கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேன் அண்ணி" என்றேன்.

பார்க்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும். வாசிப்பானைத் திருத்தினேன். மிகச் சிறிய திருத்தம், பல நாளாக மனதில் தயாராக இருந்தது. வார்டுகளுக்குப் பராமரிப்பு என்று செய்தி அனுப்பிவிட்டு முதல் நிகழ்விலிருந்து ஓட்டினேன். அப்புறத்தைக் கேட்கவில்லை. வழக்கமான நாளாக இருந்திருந்தால் அவர் மறுத்திருப்பார். அன்று எல்லோரும் அறுவை சிகிச்சை வார்டு வாசலில் கூடியிருந்தார்கள், என்னை யாரும் கவனிக்கவில்லை.

நிகழ்வுகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்கு இதமானது. எத்தனையோ வருடத்து மனிதர்கள் வருகிறார்கள், படுக்கிறார்கள், எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் போவதில்லை. யாரும் எதையும் கேட்பதில்லை.

சாயங்காலம் ஓட்டம் முடிந்தபோது, தையல்கார அம்மாவுக்கான திரையில் மேலே சிவப்பு வரி இருந்தது. பக்கத்தில் நேரம், அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், கவுன்டரில் சொன்ன நேரம். திரை ஒரு விஷயம் எப்போது நடந்தது என்று காட்டும். அது தனக்கு எப்போது தெரியவந்தது என்று காட்டாது. அப்படி வடிவமைத்தவனும் நான்தான். நர்ஸுகளைக் குழப்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது.

விசாரணைக் குழுவில் என்னையும் கூப்பிட்டார்கள். "திரையில் இருப்பதும் சேமிப்பில் இருப்பதும் ஒத்துப்போகிறதா?" என்று கேட்டார்கள். ஒத்துப்போகிறது என்றேன். "சேமிப்பை யாராவது மாற்றியிருக்க முடியுமா?" முடியாது என்றேன். இரண்டும் உண்மை. இந்தத் திரை எப்போது அடுக்கப்பட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா? அண்ணி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் பார்ப்பது போல.

நான் யோசிக்காமல் இதைச் செய்யவில்லை. ஒரு நர்ஸ் அசந்துவிட்டாள் என்றால் உலகம் புரிந்துகொள்ளும். மனிதப் பிறவிதானே என்பார்கள். திரை தவறிவிட்டது என்றால் எந்த வார்டும் எந்தத் திரையையும் நம்பாது. ஞாபகத்தை வைத்து மருந்து கொடுக்க ஆரம்பிப்பார்கள். இன்னும் எத்தனை பேர் போவார்கள்? தராசில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் சமையலறையில் அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டே. அன்னிக்கு அந்த செகப்பு வரி இருந்துச்சா?"

"பதிவு இருந்துச்சு அண்ணி."

"ஸ்கிரீன்ல?"

"ஸ்கிரீன் பதிவுலேருந்துதானே வருது."

அவர் கையில் சோப்பு நுரை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப நான்தான் பாக்கலையா?" என்றார். "நீங்க அன்னிக்கு ரொம்பக் களைச்சிருந்தீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

சில நாளில் அவருக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. "யோசிச்சுப் பாத்தா மேல ஏதோ செகப்பா இருந்த மாதிரிதான் இருக்கு தம்பி." இன்னும் சில நாளில் அந்த வரியின் எழுத்துகள்கூட ஞாபகம் வந்தன. நான் திருத்தவில்லை. குழுவிடம் அவராகவே போய் ஒப்புக்கொண்டார். நர்ஸ் உரிமம் போயிற்று.

பிறகு அந்த மகளைப் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் அண்ணி என்றேன். கேட்கவில்லை. நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். குறுகலான தெரு. கடையின் பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே தையல் மிஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. நான் வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சு கேட்டது.

"கண்ணு இல்லையா உங்களுக்கு? அவ்ளோ பெருசா எழுதியிருந்ததாமே?"

"இருந்துச்சும்மா. பாத்தேன். பாத்துட்டும் விட்டுட்டேன்."

ஏதோ கீழே விழுந்து உருண்டது. அண்ணி வெளியே வந்தபோது அவர் புடவை மடிப்புகளில் வண்ண வண்ணப் பொத்தான்கள் சிக்கியிருந்தன. தட்டிவிடாமலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். நிம்மதியாக இருந்தது. இனி யாரும் எதையும் தோண்டமாட்டார்கள் என்று.

அண்ணன் கப்பலிலிருந்து இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீ இருந்ததால தப்பிச்சோம்டா. இல்லேன்னா அவளை ஜெயில்ல போட்டிருப்பாங்க" என்றான். உண்மைதான், வக்கீலிடம் அலைந்தது நான்தான். பிறகு அவன் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டான். அண்ணி எங்களோடு இருக்கிறார். என் குழந்தைகளுக்குத் தலைவாரி விடுகிறார், என் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார். மாத்திரையை மட்டும் தொடமாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என் மனைவியைக் கூப்பிட்டு, "நீயே படிம்மா. இன்னொரு தடவை படி" என்பார்.

முழுப் பூசணிக்காய் சோற்றிலேயே மறைந்திருக்கும். புதிதாக ஒரு பெண் பொறியாளர் சேர்ந்தார். துருதுருவென்றிருப்பவர். வாசிப்பான் ஒரு குறிப்பிட்ட நாளில் ஏன் முதல் நிகழ்வுக்குத் திரும்பிப் போயிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். பராமரிப்பு என்றேன். அவர் பழைய வாசிப்பானைத் தேடி எடுத்து, அதே பழைய நிகழ்வுகளை அதில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அண்ணி அன்று பார்த்த திரை அப்படியே வந்து நின்றிருக்கிறது, மேலே எந்த வரியும் இல்லாமல். அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கெட்டிக்காரப் பெண். இதை எந்த நாளிலும் நானே செய்து குழுவிடம் காட்டியிருக்கலாம், ஒரு மதிய நேரத்து வேலை. அது எனக்குத் தோன்றாமல் இல்லை.

இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் கண்டுபிடிக்காதது, கண்டுபிடிக்கவும் முடியாதது. பார்ப்பது மட்டும் எங்கள் கணக்கில் நிகழ்வு இல்லை, எங்கும் சேமிக்கப்படுவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், கிளம்புவதற்கு முன்னால், சும்மா அந்த மூலையைத் திறந்து பார்த்தேன். கடைசியாக விழுந்திருந்தது தையல்கார அம்மாவுடையது. பெயர், வார்டு, பென்சிலின், எல்லாவற்றையும் படித்தேன். அண்ணியின் வார்டு என்பதையும் கவனித்தேன். ஒரு போன் போதும். ஆனால் போன் செய்தால், எப்படித் தெரியும் என்பார்கள். அந்த மூலையில் இன்னும் எத்தனை கிடக்கிறது என்பார்கள். மறுநாளே எல்லாவற்றையும் ஓட்டச் சொல்வார்கள். எனக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. டாக்டர் எப்படியும் கேட்பார், அந்த அம்மாவே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். திரையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அண்ணி சாப்பாடு போட்டார். சாப்பிட்டேன்.

எங்கே கையெழுத்து வேண்டுமோ போட்டுத்தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதை அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள். தன்மேல்தான் தப்பு என்று இப்போதுதான் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். அந்த நிம்மதியைக் கெடுக்க உங்களுக்கு எப்படி மனசு வரும்?