சரிவில் போட்ட ஆள்

காலையில் போடியிலிருந்து மலையேறும் ஜீப்பு. எனக்கு எதிரே, ஏலக்காய் எடுக்கப் போகிற இரண்டு பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சமதரையில ஆளத் தூக்கிப் போடுறது லேசில்ல மதினி. சரிவுலதான் சுளுவா வருது” என்றாள் இளையவள்.

ஜீப்பில் இருந்த எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“யாரப் போட்டடி?” என்றாள் மூத்தவள்.

“நம்ம சூப்பர்வைசரத்தான். தற்காப்புக்குன்னு ஞாயித்துக்கிழமை ஜூஜிட்சு வகுப்புக்குப் போறேன்ல? அங்க மெத்தை மேல இதுவரைக்கும் ஒருத்தியக்கூடச் சாய்க்க முடியல. போன வாரம் தோட்டத்துல குனிஞ்சு காய் எடுக்கையில, அந்த ஆளு வழக்கம்போலப் பின்னாடி வந்து தோள்ல கைய வச்சாரு. கையப் புடிச்சு இழுத்து, இடுப்பக் குடுத்துத் தூக்கிப் போட்டேன். நாலு ஏலச்செடியத் தாண்டி உருண்டு, ஓடையிலதான் போயி நின்னாரு.”

“ஆத்தீ! வேலைய விட்டுத் தூக்கலையா?”

“எப்படித் தூக்குவாரு? எதுக்கு அவளத் தொட்டன்னு முதலாளி கேப்பாருல்ல? வழுக்கி விழுந்துட்டேன்னு அவரே சொல்லிட்டாரு.”

“இப்பவும் கிட்ட வர்றாரா?”

“எங்க வர்றாரு! முன்னெல்லாம் மேட்டுல நின்னு அதட்டுவாரு. இப்ப, முன்கூட்டியே ஓடையில எறங்கி நின்னுக்கிட்டு, ‘வெரசா எடுங்கம்மா’ங்கிறாரு.”