பக்காரித்சா துறையில் நான் சொன்ன பொய்

அலைபுரளும் துவினா ஆற்றைப் போல் அகன்ற நெஞ்சம் படைத்த அவைத்தலைவர் லிச்சூத்தின் அவர்களே! பனிக்கும் பசிக்கும் பணியாத ஆர்ஹாங்கெல்ஸ்க் துறைமுகப் பெரியோர்களே! ஆண்கள் போர்முனைக்குப் போனபோது பாரந்தூக்கியைப் பற்றிக்கொண்டு நின்ற பெருமைமிகு தாய்மார்களே! இந்தத் தாயிசியாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

வெற்றியைப் பற்றிப் பேசு என்றார்கள். நானோ, நான் சொன்ன பொய்யைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள் ஐயா, ஒரே ஒரு சொல்தான். ஆனாலும் பொய் பொய்தானே?

நாற்பத்திரண்டாம் ஆண்டு, செப்டம்பர். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆங்கிலம் அறிந்தவள் என்பதால் நம் துறைமுகத்தின் பக்காரித்சா துறையில் மொழிபெயர்ப்பு வேலை. ஸ்டாலின்கிராட் எரிகிறது. ஜெர்மானிய எதிரியின் பெரும்படை நம் மார்பின்மீது நிற்கிறது. மேற்கே நம் கூட்டாளிகளான ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பிரெஞ்சுக் கரையில் இறங்கி இரண்டாவது போர்முனையைத் திறந்தால், அந்தப் பாரம் கொஞ்சம் விலகும். எப்போது திறப்பார்கள்? இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா? ரொட்டி வரிசையில் அதே கேள்வி! வெந்நீர்க் குளியலறையில் அதே கேள்வி! தலைநகரங்களில் தந்திக்குத் தந்தி வாதாடியதும் அதே கேள்வி!

அப்போதுதான் ஆங்கிலக் கப்பல்கள் வந்தன. வரவேற்புக் கூட்டத்தில் மேடையேறியவர் சரக்குப் பொறுப்பதிகாரி லெப்டினன்ட் மெல்லர். கூட்டத்திலிருந்து எழுந்தவர் பாரந்தூக்கி இயக்கும் அக்ராஃபேனா. அவருடைய கணவர் ஸ்தெபான் ஸ்டாலின்கிராடில் இருந்தார்.

"தம்பி! டப்பா இறைச்சி கொண்டாந்தீங்க, சந்தோஷம். டப்பாவத் திறந்தாச்சு. போர்முனைய எப்பத் திறப்பீங்க?"

கூடம் அதிரச் சிரித்தது. மெல்லர் தரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியாதுங்க. இந்த வருஷம் நடக்கும்னு தோணல."

நானூறு முகங்கள் என் வாயையே பார்க்கின்றன. என்ன சொல்வேன்? எந்த நாவால் சொல்வேன்? "விரைவில்!" என்று சொல்லிவிட்டேன்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மெல்லர் திகைத்துப் போனார். "தெரியாதுன்னுதானே சொன்னேன்? அதுக்கா இப்படித் தட்டுறாங்க?"

மறுநாள் காலை பாரந்தூக்கியின் ஏணியில் ஏறிப் போனேன். "அக்கா, நேத்து அவர் அப்படிச் சொல்லல."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா தட்டினீங்க?"

"நல்ல சேதி சொல்றவன் தரையப் பாத்துக்கிட்டா சொல்லுவான்? கை குளிருச்சு, தட்டினோம். இப்ப ஒண்ணு செய். ஏன் முடியலைன்னு அந்தத் தம்பியவே வந்து சொல்லச் சொல்லு. அவர் சொல்றத அப்படியே சொல்லு. கூட்டாத, குறைக்காத."

நண்பகல் இடைவேளையில் மெல்லர் எங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். முட்டைக்கோஸ் சூப்பு ஆவி பறக்க, அவர் சொல்லச் சொல்ல, சொல் பிசகாமல் சொன்னேன்.

"போன மாசம் பிரெஞ்சுக் கரையில இறங்கிப் பாத்தாங்க. என் கூடப் பிறந்த தம்பியும் போனான். விடியக்காலையில இறங்கினாங்க, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. டாங்கியெல்லாம் கூழாங்கல்லுல சிக்கி நகரல. தம்பி திரும்பி வரல."

அக்ராஃபேனா என்ன கேட்டார் தெரியுமா? திட்டினாரா? தேம்பினாரா? இல்லை!

"கல்லு எவ்வளவு பெருசு?"

மெல்லர் கைமுட்டியைக் காட்டினார்.

"எனக்கு இங்க இறங்குமேடை இருக்கு, பாரந்தூக்கி இருக்கு. ஒரு டாங்கிய இறக்க அரைமணி ஆகுது. குண்டு மழையில, வெறுங்கரையில, நூறு டாங்கிய எப்படி இறக்குவீங்க?"

"அதுதான் எங்களுக்கும் தெரியலீங்க."

"கல்லு மேல பலகை அடுக்குங்க!" என்றாள் ஒருத்தி. "வலைய விரிங்க!" என்றார் கிழவர் சூயெவ். "உங்க மீன் வலையையா தாத்தா?" என்று கேலி பறந்தது. சூப்பு ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. மெல்லர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்!

கடைசியில் அக்ராஃபேனா எழுந்தார். "உன் தம்பிக்காக அழறேன், தம்பி. ஆனா எங்க ஆளுங்க தினம் தினம் சாவுறாங்க. நீங்க யோசிக்கிற ஒவ்வொரு நாளும் எங்க கணக்குலதான் போகுது. அத அங்க போய்ச் சொல்லு."

"சொல்றேன்" என்றார் மெல்லர். இம்முறை நிமிர்ந்து, அக்ராஃபேனாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மாலையே அக்ராஃபேனா கணவருக்குக் கடிதம் எழுதினார். 'இந்த வருஷம் யாரும் வர மாட்டாங்க. காத்திருக்காதீங்க.' போர்முனைக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் தணிக்கைக்காரர் அதை எப்படி விட்டார்? இன்றுவரை எனக்குப் புரியாத புதிர்!

இரண்டாவது போர்முனை திறக்க இன்னும் இருபத்தொரு மாதம் ஆயிற்று. தாமதமா, தயக்கமா? தேவையா, தந்திரமா? இரு தரப்பின் ஏடுகளையும் புரட்டிவிட்டேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்ன கேட்கிறீர்கள் அம்மா? ஸ்தெபானா? திரும்பவில்லை, அம்மா. ஜனவரியில் அவருடைய பதில் மட்டும் வந்தது. அக்ராஃபேனாவுக்கு எழுத்து மங்கலாய்த் தெரிந்ததால் நான்தான் படித்தேன்.

'எல்லார் வீட்டுக் கடுதாசியிலயும் இதோ வர்றாங்க, இதோ வர்றாங்கன்னு இருந்துச்சு. உன் கடுதாசியத்தான் எங்க குழுவுல சத்தமாப் படிச்சோம். அப்புறம் ஒருத்தன் மண்வெட்டிய எடுத்தான். எல்லாரும் பதுங்குகுழிய இன்னும் ஆழமா வெட்டினோம். அதனாலதான் இத எழுத நான் இருக்கேன்.'

அன்பர்களே! ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. உண்மையைச் சொல்ல, அதைத் தாங்க, தாங்கியபின் 'எப்படி' என்று கேட்க, இந்தத் துறைமுகத்துப் பெண்கள் இருந்தார்கள்! பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. இன்று இரவுப் பணிக்குப் போகும் சகோதரிகளுக்கு என் தனி வணக்கம்!