வாகனத் தரிப்பிடத்தில் நோன்பு திறந்தவர்

மேடையில் இருக்கும் நிர்வாக சபைப் பெரியவர்களே, கதிரை கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களே, திரைக்கு அப்பால் இருக்கும் மீரா சாஹிபின் உடன்பிறப்பு ஜெஸீமா தங்கச்சியே, எல்லோருக்கும் என் ஸலாம்.

நான் பள்ளிக்கூடம் முடித்தவன் அல்ல. இரவல் புத்தகங்களில் படித்தவன். களைத்தும் போயிருக்கிறேன். மீரா சாஹிபு ஹாஜியாரை எனக்கு முன்னால் பேசியவர்கள் கொடைவள்ளல் என்றார்கள், சமூகத்தின் தூண் என்றார்கள். உயிரோடு இருந்தபோது பிடிவாதக்காரர் என்றீர்களே, அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அதுதான் உண்மை. ரமீஸின் குடும்பத்துக்காக அவர் பிடித்த பிடிவாதத்தைச் சொல்லத்தான் எழுந்தேன்.

ரமீஸை உங்களுக்குத் தெரியும். மசிடோனியாவிலிருந்து வந்த ரோமா முஸ்லிம்; மற்றவர்கள் சிப்ஸி என்று இளக்காரமாகச் சொல்லும் இனம். பென்டில் ஹில்லில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கிறார். அவர் பிறந்த ஊரில் ரோமாப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. வேலை கேட்டுப் போனால் முகத்தைப் பார்த்தே இல்லை என்பார்கள். ஒரு நாள் அவர்களுடைய தெருவையே இடித்தார்கள்.

நாம் குடியேறிய இந்த நாட்டிலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவர்; அவர்கள் யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பரமட்டாவில் தீர்ப்பாய விசாரணை. கூட வந்து நிற்பேன் என்று மீரா சாஹிபு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தவரைப் போன வாரம் அடக்கிவிட்டோம்.

போன நோன்புக்கு ரமீஸ் இந்த மண்டபத்துக்கு வந்தார். நாம் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், சாப்பிடுகிறவர்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். அவர் இருந்த சஹனில் ஒருவரும் போய் இருக்கவில்லை. மறுநாள் நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது: அவருக்கு மட்டும் பார்சல். வாசலிலேயே வைத்துக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள்.

செயலாளர் ஸுஹைர் மீரா சாஹிபிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“காக்கா, அவங்க சிப்ஸி ஆக்கள். நாளைக்கு ஏதும் காணாமப் போனா ஆர் பொறுப்பு?”

“போன வருஷம் என்ட புதுச் சப்பாத்து இஞ்சதான் காணாமப் போனது. அப்ப எந்தச் சிப்ஸி வந்தவன்? மாசக்கணக்கா உங்கட கால்களைத்தான் பார்த்துக்கொண்டு திரிஞ்சனான்.”

“பகிடி விடாதீங்க காக்கா.”

“பகிடி இல்ல. எனக்கும் ஒரு பார்சல் கட்டு.”

அன்றிலிருந்து பெருநாள் வரை மீரா சாஹிபு வாகனத் தரிப்பிடத்தில், சீமெந்துக் கட்டின் மேல், ரமீஸுக்குப் பக்கத்தில் இருந்துதான் நோன்பு திறந்தார். மழை வந்தால் காருக்குள். எத்தனை பேர் அவரோடு போய் இருந்தோம்? அந்த ஒரு கார் போதுமாயிருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்களாகிய நம்மை உடுத்த உடுப்போடு போகச் சொன்னபோது என்ன சொன்னார்கள்? இவர்களை நம்ப முடியாது என்றார்கள். யாரோ செய்தது, எல்லோரும் செய்ததாக ஆனது. அந்தச் சொல்லை ஏன் இவ்வளவு தூரம் சுமந்து வந்தோம்? பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக்கூட விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். இதை மட்டும் ஒருவரும் விட்டுவிட்டு வரவில்லை.

ரமீஸைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரும் நம்மவர்தான். இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறார். “பேரை வெளியில விட்டிராத மச்சான். மனம் மாறினா அவன் திரும்பி வர ஒரு பாதை இருக்கோணும்” என்று மீரா சாஹிபு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து என்னிடம் சொன்னார். அதனால் நான் சொல்லப்போவதில்லை.

அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. அவர் விட்டுப்போன வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை ரமீஸின் பக்கத்தில் நான் நிற்பேன். தோற்றால் அந்தப் பிள்ளைகளுக்கு என் வீட்டு முன்னறை இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் வாருங்கள். வராதவர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வீட்டுக்காரரே, காலி செய்யச் சொன்னதைத் திரும்பப் பெறத் திங்கட்கிழமை மாலை வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதன் பிறகு உங்கள் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பாயத்தில் எல்லோர் முன்னாலும் கூப்பிடுவார்கள்.