கத்துறவன் காத்திருக்கட்டும்

ஏசுராஜ்: காப்பியா அது? சர்க்கரையே இல்ல.

பிரிஸ்கில்லா: ரெண்டு ஸ்பூன் போட்டேனுங்க.

ஏசுராஜ்: நாகலூர்ல ஊட்டுல குடிச்சது. ஏற்காடு தாண்டி மலையெறங்கறப்பவும் கசக்குது.

பிரிஸ்கில்லா: உங்க வாய் அப்படி.

தௌபீக்: ஏனுங்கம்மா... டாக்டரய்யாவுக்கு நெஞ்சுவலின்னுதானே என்னைக் காரெடுக்கச் சொன்னீங்க?

ஏசுராஜ்: வாயுத் தொல்லை தௌபீக். இருபத்தஞ்சு வருசம் மிலிட்டரி டாக்டரு, எனக்குத் தெரியாதா?

பிரிஸ்கில்லா: அப்புறம் எதுக்கு நெஞ்சைப் புடிச்சிருக்கீங்க?

ஏசுராஜ்: பட்டன் போடறேன்.

பிரிஸ்கில்லா: அரை மணி நேரமாவா?

தௌபீக்: ஐயா கார்கில் சண்டையில இருந்தீங்களாமே?

ஏசுராஜ்: இருந்தேன். டெண்டுதான் ஆஸ்பத்திரி. அடிபட்டவங்க இருவது பேரை ஒண்ணாக் கொண்டாந்து போடுவாங்க. நீயா இருந்தா யாரை மொதல்ல பாப்பே?

தௌபீக்: நொம்பக் கத்துறவனை.

ஏசுராஜ்: போச்சு! கத்துறவனுக்கு மூச்சு இருக்குதப்பா, அவன் காத்திருக்கட்டும். சத்தமில்லாம கெடக்கறவனைத்தான் மொதல்ல பாக்கணும். ஒரு கர்னல், கால் சுளுக்குக்கு அந்தக் கத்து கத்துனாரு. ஓரமா உக்காருங்கன்னுட்டேன்.

தௌபீக்: அப்புறம்?

ஏசுராஜ்: என் ப்ரமோஷன் போச்சு.

பிரிஸ்கில்லா: முழுசாச் சொல்லுங்க. சர்ச் பாட்டுக் குழுவுல சேந்துக்குங்கன்னு அவருகிட்டச் சொன்னது யாரு?

ஏசுராஜ்: கொரலு நல்லாருந்துச்சு...

பிரிஸ்கில்லா: நாப்பது வருசமா இந்த வாயோட குடும்பம் நடத்தறேன்.

ஏசுராஜ்: முப்பத்தெட்டு.

பிரிஸ்கில்லா: இதுல ஒண்ணும் கொறைச்சலில்ல. கிறிஸ்துமஸ் கேக்கைக் கருக்குனது யாரு?

ஏசுராஜ்: நீதான்.

பிரிஸ்கில்லா: நீங்க!

ஏசுராஜ்: சரி... நான்தான்.

பிரிஸ்கில்லா: சரின்னு சொல்லாதீங்க! என்னிக்கு எங்கிட்டத் தோத்தீங்க நீங்க?

தௌபீக்: அம்மா, ஒடம்பு முடியாத மனுசருங்க. சண்டை புடிக்காதீங்க. செத்த தூங்கட்டும்.

பிரிஸ்கில்லா: தூங்கக் கூடாது. நீ ரோட்டைப் பாத்து வெரசா ஓட்டு... ஏனுங்க, கேக்கைக் கருக்குனது யாரு?

ஏசுராஜ்: ...

பிரிஸ்கில்லா: ஏனுங்க?

ஏசுராஜ்: காப்பி... கசப்பு.

பிரிஸ்கில்லா: ரெண்டு ஸ்பூன் போட்டேன்னு சொல்றேன்ல! திட்டுங்க, நல்லாத் திட்டுங்க.

ஏசுராஜ்: ...

தௌபீக்: அடிவாரம் வந்துட்டோம்மா. ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்ச தூரந்தான்... ஐயா சத்தத்தையே காணோமே?

பிரிஸ்கில்லா: காலைல எந்திரிச்சப்பவே சத்தமில்லாமத்தான் கெடந்தாரு, தௌபீக். திட்டட்டும்னுதான் அந்தக் காப்பியக் குடுத்தேன்... ஏனுங்க, நீங்க சொன்னதுதான் நெசம். சர்க்கரை போடவே இல்லீங்க.